கடவுளும் நானும் கூட்டுச் சேர்ந்த நாள்

உங்கள் மேசை ஆடுகிறது, ஐயா. யாரோ கடதாசியை மடித்து இடது காலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். குட்டையாக இருப்பது வலது கால். தவறாக நினைக்காதீர்கள், இது என் தொழில் தோஷம். ஒரு சாமானைப் பார்த்தால் அது எங்கே பிசகும் என்றுதான் என் கண் முதலில் போகும். வீட்டில் மனைவி புதுக் குடை வாங்கி வந்தால், விரிப்பதற்கு முன்பே கம்பியை வளைத்துப் பார்ப்பேன். இப்போதெல்லாம் அவள் வாங்குகிற குடையை என்னிடம் காட்டுவதில்லை.

என் பெயர் புவனேந்திரன். பதுளையில் முகிலகம் என்ற நிறுவனத்தில் சோதனைப் பொறியியலாளர். மஞ்சப்பாறைத் தேயிலைத் தோட்டத்து மேற்கணக்கு லயம், அந்த வரிசை வீடுகள் அத்தனையும், மண்ணுக்குள் போன விஷயமாக வந்திருக்கிறேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை. நானாகவே பஸ் ஏறி வந்தேன். வாசலில் நின்ற பொலிஸ்காரர் முறைப்பாடு கொடுக்க வந்த ஆள் என்று நினைத்து வரிசையில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஆடு காணாமல் போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆட்டின் குணநலன்களை அவர் விவரித்த விதத்தைப் பார்த்தபோது அவசரப்படுத்த மனம் வரவில்லை.

முகிலகத்தைப் பற்றி நீங்கள் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். "ஊவாவின் மலைகளுக்கு மூளை வைத்திருக்கிறோம்" என்று எங்கள் பணிப்பாளர் இரகுநாதன் சேர் சொன்னது பெரிய எழுத்தில் வந்தது. மூன்று ஊர்களில் மூன்று தரவு மையங்கள் என்றும் வந்தது. அது பொய் இல்லை. பதுளை மையம் என்பது டயர்க் கடையின் மேல்மாடி. அப்புத்தளை மையம் என்பது அர்ஷாத் நானாவின் பலசரக்குக் கடைப் பின்னறை. கரண்ட் போனால் தாங்குவதற்கு நாங்கள் வைத்த பற்றரியில் ஒருமுறை அவர் தன் ஐஸ்கிரீம் பெட்டியைச் செருகியிருந்தார். கேட்டதற்கு, "உங்கட சாமான் உருகாதுதானே தம்பி" என்றார். ஹல்துமுல்லை மையம் கைவிடப்பட்ட ஒரு ஸ்டோர். இன்னும் உருளைக்கிழங்கு வாசம் அடிக்கிறது. திறப்பு விழாவில் பிரதம விருந்தினர் பொத்தானை அழுத்தியபோது அபாயச் சங்கு ஊதவில்லை. உரைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று ஒலிபெருக்கியை யாரோ நிறுத்தியிருந்தார்கள். இரகுநாதன் சேர் தன் போனில் ஒரு சங்குச் சத்தத்தைத் தேடி எடுத்து மைக்குக்குப் பிடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். பாற்சோறு நன்றாக இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். மேற்கணக்கு லயத்துக்கு மேலே உள்ள சரிவில், மழையை அளக்க ஒரு கருவியும் மண் நகர்வதை அளக்கச் சில கம்பிகளும் வைத்திருந்தோம். அவை ஓயாமல் அளவுகளை அனுப்பும். அவற்றைப் பார்த்து, ஆபத்து என்றால், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்கிற பிள்ளை மடுவத்துக் கூரையில் இருக்கும் சங்கை ஊத வைப்பது ஒரு கணினி. அந்தக் கணினிக்கு உடம்பு கிடையாது. மெய்நிகர் இயந்திரம் என்போம். வேறொரு கணினிக்குள் குடியிருக்கிற ஆவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் விளக்குப் போனால் அடுத்த வீட்டுக்கு மாறிக்கொள்ளும். அதன் ஞாபகமும் அதனிடம் இல்லை. துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் பிரதி எடுத்து, பதுளையிலும் அப்புத்தளையிலும் ஹல்துமுல்லையிலும் பரப்பி வைத்திருக்கிறோம். ஓர் ஊர் அழிந்தாலும் ஞாபகம் அழியாது. நல்ல ஏற்பாடு. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

இடையில் ஓர் ஆள் வேண்டும். ஆவி எழுதச் சொல்வதை எடுத்துக்கொண்டு போய், ஊர் ஊராக எழுதிவிட்டு, திரும்பி வந்து தகவல் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளை டிரைவர் என்போம். லொறி டிரைவர் மாதிரியேதான். மூட்டையை உரிய இடத்தில் இறக்க வேண்டும், இறக்கிய பிறகுதான் "இறக்கியாச்சு" என்று சொல்ல வேண்டும். எங்கள் டிரைவர் அப்படி நடந்துகொள்கிறதா என்று சோதிப்பது என் வேலை.

சாதாரண நாட்களில் யோக்கியமான டிரைவர்தான். ஆனால் மூன்று ஊர்களில் ஒன்று அறுந்து, மறுபடி வந்து சேர்கிறதே, அந்தச் சின்ன இடைவெளியில் மட்டும் மூட்டையைப் பள்ளத்தில் உருட்டிவிட்டு வந்து "இறக்கியாச்சு" என்றது. ஆவி நம்பிவிடும். பிறகு தன் ஞாபகத்தைப் புரட்டிப் பார்த்தால், கடைசியாக நிஜத்தில் எழுதப்பட்டதுதான் அங்கே இருக்கும். அது நேற்றைய வெயில். மலை கரைந்துகொண்டிருக்கும், ஆவி வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடித்தது நான். வேறு யாரும் அல்ல. இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

இரகுநாதன் சேர் கெட்டவர் இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்தவர், பிறகு வெளிநாட்டில் படித்தவர், அவ்வளவையும் படித்துவிட்டுப் பதுளைக் குளிருக்கு மப்ளர் சுற்றிக்கொண்டு டயர்க் கடை மாடியில் உட்கார்ந்திருப்பவர். என் அறிக்கையை அவர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தார்.

"நீர் முதல்ல வயரைப் புடுங்கவேணும். பிறகு திரும்பச் செருகவேணும். அந்த நேரம் பாத்து மழையும் கொட்டவேணும், மலையும் அசையவேணும். கடவுளும் நீரும் கூட்டுச் சேர்ந்தால்தான் ஐசே இது நடக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்த டிரைவரை எழுதிய சிவரூபியும் சிரித்தாள்.

"செயற்கை மழை விட்டுப் பார்த்தேன் சேர். ஒவ்வொரு தடவையும் நடக்குது" என்றேன்.

"அது கொம்பியூட்டருக்குள்ள பெய்யிற மழை. சட்டை நனையாது" என்றார். "நிஜத்தில நடந்தால் வந்து சொல்லும். உம்மட முறைப்பாட்டை என்ர கையாலேயே திறக்கிறன்." 'நிஜத்தில் நிகழ வாய்ப்பில்லை' என்று குறித்து என் முறைப்பாட்டை மூடினார்.

திருத்தாமல் ஒரு பிழையை மூடுவது உயிரோடு புதைப்பது மாதிரி என்று அன்று சிவரூபியிடம் சொன்னேன். இப்போதென்றால் அந்த உவமையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஸ்பிரிங்வெளித் தோட்டம். என் அப்பா கந்தப்பன் விடியலில் பெரட்டுக்குத் தப்படித்தவர். அவர் தட்டினால் சனம் எழுந்து ஓடி வந்து வரிசையில் நிற்கும். கங்காணி பெயர் கூப்பிடுவார், ஆளுக்கொரு மலைக்குப் பிரித்து அனுப்புவார். என் அப்பா தட்டிய தட்டை யாரும் 'வாய்ப்பில்லை' என்று சொல்லிவிட்டுத் தூங்கியதில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் அந்தச் சனத்துக்கு வெளியாள் இல்லை. அவர்கள் நன்மைக்காகத்தான் எல்லாம்.

மஞ்சப்பாறையில் சனத்தைச் சங்குக்குப் பழக்கியதும் நான்தான். பழக்க வேண்டியிருந்தது. வானம் இருண்டாலே கீழே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிடுவார்கள். ஓடினால் அன்றைய பேரு பாதியாகும். பேரு என்றால் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் பதிவேட்டில் விழுகிற கூலிக் கணக்கு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழைக்கு வேலையை நிப்பாட்டினாலும் லயத்திலேயே காத்திருந்தால் முழுப் பேரு. இறங்கிப் போனால் அரைப் பேரு. நான் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்தேன். சங்கு ஊதி இறங்கினால் முழுப் பேரு, ஊதாமல் இறங்கினால் அரைப் பேரு. இனி வீணாக ஓட மாட்டார்கள் என்று துரைக்குச் சந்தோசம். ஓடினாலும் பேரு போகாது என்று சனத்துக்குச் சந்தோசம். காலைப் பெரட்டில் கூடையோடு வரிசையில் நின்றவர்களுக்கு நானே விளக்கிச் சொன்னேன். உங்கள் பயத்தை நம்பாதீர்கள், சங்கை நம்புங்கள் என்றேன்.

பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பெரியாயி அக்கா ஸ்பிரிங்வெளியில் இருந்து கட்டிக்கொண்டு போனவள். வாய் கொஞ்சம் அதிகம். சங்குக்குப் பொறுப்பாக அவளைத்தான் போட்டிருந்தோம்.

"தப்படிச்ச கந்தப்பன் மவன்தானே நீங்க?" என்றாள், மொத்தப் பெரட்டும் கேட்க. "அப்பன் தட்டி எழுப்புனாரு, மவன் ஊதி எழுப்புறாரு. அந்த லெப்டொப்பக் கழுத்துல மாட்டிக்கிட்டா தட்டுறதுக்கு வசதியா இருக்கும் தம்பி."

வரிசை முழுக்கச் சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார். அது என்னைப் பாதிக்கவில்லை. நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

அவளே பிறகு கேட்டாள். "சரி தம்பி, சங்கு ஊதல, ஆனா மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி செவந்து வருதுன்னு வைங்க. அப்ப எறங்கலாமா?"

"பீலிய நம்பி எறங்குனா பேரு கெடைக்காதுக்கா" என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என்னுடையது.

அன்றைய நாளைச் சொல்கிறேன். மழை வருகிறது என்று எல்லா இடமும் அறிவித்திருந்தார்கள். பராமரிப்பு வேலை என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே ஹல்துமுல்லைக்குப் பஸ் ஏறினேன். பொய் இல்லை, பராமரிப்புதான். பண்டாரவளையைத் தாண்டும்போதே வைப்பரால் வழிக்க முடியாத மழை. பஸ்ஸில் ஒரு அம்மா, "சாமி, இன்னைக்கு என்னமோ ஆகப்போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடவுள் தன் பங்குக்கு வந்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

ஸ்டோரைத் திறந்தேன். மடிக்கணினியை உருளைக்கிழங்குப் பெட்டி மேல் வைத்தேன். ஜன்னல் வழியாக மற்ற நாட்களில் மஞ்சப்பாறை தெரியும். அன்று மழை மட்டும் தெரிந்தது. அளவுகள் வந்துகொண்டிருந்தன. மழை ஏறிக்கொண்டே போனது. கம்பிகள் மண் அசைகிறது என்றன, இலேசாக. இன்னும் கொஞ்சம் போனால் ஆவி முழித்துச் சங்கை ஊதும் என்கிற இடத்தில் மையத்தின் இணைப்பு வயரைப் பிடுங்கினேன். பிறகு செருகினேன். மின்விசிறியை நிறுத்திப் போடுகிற அளவு வேலைதான்.

நடந்தது. நான் எழுதியிருந்தபடியே நடந்தது. கருவிகள் அனுப்பிய ஒவ்வொரு மூட்டைக்கும் டிரைவர் "இறக்கியாச்சு" என்றது. ஆவி ஞாபகத்தைப் புரட்டிப் பார்த்து, நேற்றைய வெயிலைக் கண்டு நிம்மதியாக இருந்தது. டிரைவர் சுதாரித்து உண்மை பேசப் போகிறது என்று தோன்றும்போதெல்லாம் மறுபடி பிடுங்கிச் செருகினேன். ஒருமுறை மட்டும் நடந்தால் தற்செயல் என்பார்கள். மேசை ஆடுகிறது என்று காட்டுவதற்கு அதை அசைத்துத்தானே ஆக வேண்டும்.

அப்போது போன் வந்தது. பெரியாயி அக்கா.

"தம்பி, பீலித் தண்ணி செவப்பா வருது. தேத்தண்ணிச் செவப்பு இல்ல, செங்கச் செவப்பு. மடுவத்துக்குப் பொறத்தால சுவரு வேற வெடிச்சிருக்கு. இந்தச் சங்குக்கு என்ன, வாயில கொழுக்கட்டையா?"

"சங்கு நல்லா இருக்குக்கா."

"அப்ப ஏன் ஊதல?"

"ஆபத்து இருந்தா ஊதும்."

"சனம் என்னைய புடுங்கித் திங்குது. எறங்குவோம்னு பாதிப் பேரு, பேரு போயிரும்னு பாதிப் பேரு. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க தம்பி. நீங்க சொன்னீங்கன்னா தொரைகிட்ட நான் பேசிக்கிறேன்."

செந்தண்ணி வந்தால் மலை உள்ளே அறுகிறது என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் அந்தத் தண்ணியில் குளித்தவன்தான். அது மட்டும் இல்லை. என் மடிக்கணினியில் ஒரு பொத்தான் இருந்தது, ஐயா. ஆவியைக் கேட்காமல், டிரைவரைக் கேட்காமல், கையாலேயே சங்கை ஊத வைக்கிற பொத்தான். அதைச் சோதித்ததும் நான்தான். சரியாக வேலை செய்யும். என் சுண்டுவிரல் அதன் பக்கத்தில்தான் இருந்தது.

யோசித்தேன். யோசிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். அழுத்தினால் சங்கு ஊதும். சனம் இறங்கும். இரகுநாதன் சேர் பதுளையில் மப்ளரைச் சரிசெய்துகொண்டு, "பாத்தீரே, ஊதினதுதானே?" என்பார். பிழை மூடியபடியே இருக்கும். பிறகு என்றோ ஒரு நாள், நான் இல்லாதபோது, வயர் தானாக அறும். அப்போது சாகிற சனத்துக்கு யார் பதில் சொல்வது? சோதனை நடக்கும்போது சோதிப்பவன் உள்ளே கைவைக்கக் கூடாது. இது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

"சங்கு ஊதுனா எறங்குங்கக்கா" என்றேன்.

"ஊதாட்டி?"

"ஊதாட்டி ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்."

போனுக்குள் மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குழந்தை அழுதது. "நீங்க சொன்னாச் சரி தம்பி" என்றாள். "கந்தப்பன் மவன் பொய் சொல்லாது."

மறுபடி அழைத்தாள். நான் எடுக்கவில்லை. ஒரே கேள்விக்கு இருமுறை பதில் சொன்னால் முதல் பதிலில் சந்தேகம் வந்துவிடும்.

பிறகு ஒரு சத்தம். லொறியில் இருந்து கருங்கல் இறக்குகிற மாதிரி, ஆனால் இறக்கி முடிக்காத மாதிரி. கருவிகள் ஒவ்வொன்றாகப் பேச்சை நிறுத்தின. கடைசியாக வந்த மூட்டைக்கும் டிரைவர் "இறக்கியாச்சு" என்றது. நான் எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு, ஸ்டோரைப் பூட்டினேன். பூட்டை இழுத்தும் பார்த்தேன்.

நானும் மேலே மஞ்சப்பாறைக்குப் போனேன். எல்லோரோடும் சேர்ந்து கையால் மண் அள்ளினேன். என் நகங்களைப் பாருங்கள். எத்தனை பேர் என்பது உங்களிடம் இருக்கிறது, நான் எண்ணவில்லை. லயத்து அறைகளில்தான் இருப்பார்கள் என்று முதலில் அங்கே தோண்டினோம். அங்கே யாரும் இல்லை. மடுவத்து வாசலில் இருந்தார்கள். பெரியாயி அக்கா எல்லோரையும் சங்குக்கு நேர் கீழே கொண்டுவந்து வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள், பெரட்டுக்கு நிற்கிற மாதிரி. பிள்ளைகளைத் தூக்கியவர்கள் முன்னால், வயதானவர்கள் அடுத்து. துணி மூட்டைகள் தோளில் இருந்தன. செருப்பு எல்லோர் காலிலும் இருந்தது. ஊதியதும் ஒரு வினாடி வீணாகாமல் இறங்குவதற்கு. ஒருவர்கூட வரிசையை விட்டு நகர்ந்திருக்கவில்லை.

சங்கையும் எடுத்தோம். கழுவிக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். ஊதியது. பக்கத்தில் நின்றவர்கள் அலறி ஓடினார்கள். பிழை சங்கில் இல்லை என்று நான் முன்பே எழுதியிருந்தேன்.

எல்லாப் பதிவுகளையும் கொண்டுபோய் இரகுநாதன் சேரின் மேசையில் வைத்தேன். வயரைப் பிடுங்கியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை, அவர் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். முகம் வெளுத்தது. மப்ளரைக் கழற்றினார், அவர் மப்ளரைக் கழற்றி நான் அன்றுதான் பார்த்தேன். முறைப்பாட்டைத் திறப்பார் என்று காத்திருந்தேன். மாலையில் தொலைக்காட்சியில், மின்னல் தாக்கி ஹல்துமுல்லை மையம் அறுந்துவிட்டது, இயற்கையின் சீற்றத்துக்கு முன் மனிதன் என்ன செய்ய முடியும் என்று தழுதழுத்த குரலில் பேசினார். என் முறைப்பாடு மூடியபடியே இருந்தது. காரணம் மட்டும் மாறியிருந்தது: 'மீண்டும் நிகழ வாய்ப்பில்லை'.

அதனால்தான் வந்தேன், ஐயா. மின்னல் செய்யவில்லை. நான் செய்தேன். வயரைப் பிடுங்கியது நான், பொத்தானை அழுத்தாதது நான், இறங்காதீர்கள் என்று சொன்னதும் நான். மின்னல் என்று விட்டுவிட்டால் அத்தனை பேரும் வீணாகப் போனதாக ஆகிவிடும். நீங்கள் எழுதிக்கொண்டால் அதை இரகுநாதன் சேரால் மூட முடியாது, இல்லையா?

கையெழுத்துப் போடுகிறேன். மேசையை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிவரூபி நேற்று டிரைவரைத் திருத்தி எனக்கு அனுப்பியிருக்கிறாள். போனில் ஒரே அழுகை. திருத்தியாச்சு என்கிறாள். சொல்வார்கள், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நிஜ மழையில் ஒருமுறை பார்க்காமல் நான் எப்படி நம்புவது? அடுத்த வாரமும் மழை இருக்கிறதாம். கீழ்க்கணக்கு லயத்தில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்தானே, ஐயா?